ட்ராக்கில் முதல் நாள்: டயர் தேர்வும் ஓட்டும் முறையும்

"தம்பி, காத்து எவ்வளவு வெச்சிருக்கீங்க?"

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் முதல்முறை பைக் ஓட்டப் போன காலையில், பிட்டில் (ட்ராக் ஓரத்தில் வண்டிகளை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்) இருந்த ஒரு மெக்கானிக் அண்ணன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. முந்தின நாள் இரவு பெட்ரோல் பங்க்கில் முன்னாலும் பின்னாலும் 36 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) வைத்திருந்தேன். சொன்னேன். அவர் பதில் ஒன்றும் பேசாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பின் டயரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சென்னையிலிருந்து ஹைவேயில் ஓட்டி வந்திருந்ததால் டயர் சூடாக இருந்தது. "ஆறட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, தன்னுடைய கேஜை வால்வில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கினார். முன்னால் 28, பின்னால் 28. அதே டயர், அதே வண்டி. ஆனால் வளைவில் சாயும்போது வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு போவதை அன்றைக்குத்தான் முதல்முறையாக உணர்ந்தேன்.

ட்ராக் டே, அதாவது சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பழகும் நாள், என்றதும் பலரும் முதலில் தேடுவது விலை கூடிய டயரை. அடுத்துக் கேட்பது முட்டி தரையில் உரசுவது எப்படி என்பதை. இரண்டையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். டயரின் மேல் எடையை மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்கக் கற்றுக்கொள்வதுதான் ஆரம்பப் பாடம். டயர் தேர்வு, காற்றின் அளவு, பிரேக் பிடிப்பது, ஆக்ஸிலேட்டர் திறப்பது, உட்காரும் விதம் எல்லாமே அதற்காகத்தான். 150 முதல் 400 சிசி வரையிலான, தினமும் ஓட்டும் வண்டியோடு முதல் அல்லது இரண்டாவது ட்ராக் டேக்குப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

எங்கே ஓட்டலாம்

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் யோகம்தான். ஒரு காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடக்கும். அதற்குப் பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக ட்ராக் கட்டியது, 1990-இல் திறந்தார்கள். நீளம் 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள், கடிகாரச் சுற்றில் ஓட்ட வேண்டும். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சுமார் 2.1 கிலோமீட்டர்தான். ஆனால் வளைவுகள் அடுத்தடுத்து வருவதால் சிறிய வண்டிக்கு அருமையான பள்ளிக்கூடம். டெல்லி பக்கத்தில் உள்ள புத் சர்க்யூட் 5 கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஸ்ட்ரெயிட் (வளைவில்லாத நேர்ப் பாதை) மிகப் பெரியது. 200 சிசி வண்டியை வைத்துக்கொண்டு அங்கே பழக ஆரம்பிப்பதை விட இருங்காட்டுக்கோட்டையும் செட்டிபாளையமும் பல மடங்கு பயன்தரும்.

முதல் தடவை போகும்போது சும்மா ட்ராக்கைத் திறந்துவிடும் நாளுக்குப் போகாதீர்கள். பயிற்சியாளர் இருக்கும் நாளாகப் பார்த்து, பணம் கொஞ்சம் கூடினாலும் பதிவு செய்யுங்கள். புது டயருக்குச் செலவு செய்வதற்கு முன்னால் இந்தச் செலவுதான்.

டயரின் பக்கவாட்டை வாசியுங்கள்

கடைக்குப் போவதற்கு முன், உங்கள் வண்டியிலேயே இருக்கும் டயரின் பக்கவாட்டைத் துடைத்துவிட்டு ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். கேடிஎம் ஆர்சி 390, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 போன்ற வண்டிகளின் பின் டயர் 150/60 ஆர்17 அளவு. அதன் பக்கத்தில் 66ஹெச் என்று போட்டிருந்தால் இப்படிப் படிக்க வேண்டும்: டயரின் அகலம் 150 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 சதவீதம். 'ஆர்' என்றால் ரேடியல், டயரின் உள் கட்டமைப்பு வகை. 17 என்பது ரிம்மின் விட்டம், இன்ச் கணக்கில். 66 என்ற எண் அந்த டயர் 300 கிலோ வரை தாங்கும் என்பதற்கான குறியீடு. 'ஹெச்' என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும். 'எஸ்' என்று இருந்தால் 180, 'வி' என்றால் 240.

'ஆர்' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இருந்தால் அது பயஸ் பிளை டயர். உள்ளே இருக்கும் நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் பழைய கட்டமைப்பு அது. ரேடியல் டயர் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும், வேகத்தில் உருவம் மாறாமல் நிற்கும். யமஹா ஆர்15 போல முன்னால் பயஸ், பின்னால் ரேடியல் என்று கம்பெனியே கொடுக்கும் வண்டிகளும் உண்டு. அது அவர்கள் சோதித்துப் பார்த்துக் கொடுப்பது. நாமாக ஒரு பக்கம் மட்டும் மாற்றிக் கலப்பதில் ஜாக்கிரதை வேண்டும், முக்கியமாக முன்னால் ரேடியலும் பின்னால் பயஸும் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது எல்லோரும் பார்க்காமல் விடும் எண். ஒரு சிறு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். ஒரு முறை தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று ஒரு கடையில் டயர் வாங்கி, மாட்டி, பணமும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள்தான் அந்த எண்ணைப் பார்த்தேன்: நாலரை வருடப் பழைய டயர். பூ (டயரின் மேல் வெட்டியிருக்கும் பள்ளங்கள்) தேயவில்லை, பார்வைக்குப் புதுசு. ஆனால் நகத்தால் அழுத்தினால் ரப்பர் அமுங்கவே இல்லை. ரோட்டில் அதை வைத்து ஓட்டியிருக்கலாமோ என்னவோ, ட்ராக்குக்குக் கொண்டுபோக மனம் ஒப்பவில்லை. அன்றிலிருந்து, டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்னால் அந்த நாலு எண்ணைப் பார்க்காமல் விடுவதில்லை. ஒரு வருடத்துக்குள் செய்ததாக இருந்தால் நல்லது.

எந்த டயர் வாங்குவது

என்னைக் கேட்டால், முதல் இரண்டு ட்ராக் டேக்கு வண்டியோடு வந்த டயரே போதும். அது மூன்று வருடத்துக்கு உட்பட்டதாக, பூவில் பாதிக்கு மேல் மிச்சமுள்ளதாக, பஞ்சர் ஒட்டாததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பஞ்சர் ஒட்டிய டயரோடு மட்டும் போகாதீர்கள். டியூப்லெஸ்தானே, பட்டை சொருகிவிட்டோமே என்று தோன்றும். நேர் ரோட்டில் மாதக்கணக்கில் தாங்கும் அந்தப் பட்டை, வளைவில் டயர் முறுக்கிக்கொள்ளும்போது என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

டயரை மாற்றும் நேரம் வந்துவிட்டால், சந்தையில் இருப்பதை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, நீண்ட தூரப் பயணத்துக்கான டயர். மிஷலின் ரோடு 5 மாதிரி. மழையில் அபாரமாகப் பிடிக்கும், நிறைய கிலோமீட்டர் வரும், சீக்கிரம் சூடேறும். இதில் ட்ராக் ஓட்டவே முடியாது என்று சொல்வார்கள், அது சரியில்லை. அப்பாச்சி ஆர்ஆர் 310-இல் 2020 முதல் கம்பெனியே இந்த டயரைத்தான் போட்டது. புதியவருக்குத் தேவையான பிடிமானம் அதில் தாராளமாக இருக்கிறது.

இரண்டாவது, ஸ்போர்ட்ஸ் டயர். பிரெல்லி டயாப்லோ ரோஸ்ஸோ வரிசை, மெட்ஸலர் ஸ்போர்டெக் வரிசை, எம்ஆர்எஃப் ரெவ்ஸ், மதுரை டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் யூரோகிரிப் ப்ரோடார்க் எக்ஸ்ட்ரீம் எல்லாம் இதில் வரும். பலவற்றில் ஓரங்களில் ரப்பர் மென்மையாக இருக்கும், சாயும் பகுதியில் பூ குறைவாக வெட்டியிருப்பார்கள். தினமும் ஆபீஸுக்கும் போக வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ட்ராக்குக்கும் போக வேண்டும் என்பவர்களுக்கு என் தேர்வு இதுதான். சீக்கிரம் தேயும். அதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

மூன்றாவது, ட்ராக்குக்கென்றே செய்த டயர். பிரெல்லி சூப்பர்கோர்ஸா போன்றவையும், பூவே இல்லாத ஸ்லிக்கும். இவை சரியான சூட்டுக்கு வந்தால்தான் பிடிக்கும். ஸ்லிக்கை ட்ராக்கில் இறக்குவதற்கு முன் மின்சாரப் போர்வை சுற்றிச் சூடாக்க வேண்டும். ஆறிப்போய் மறுபடி சூடாகும் ஒவ்வொரு முறையும் அதன் ரப்பர் கொஞ்சம் கெட்டியாகும். 200 சிசி வண்டியில், புதியவரின் வேகத்தில், அந்தச் சூடு வரவே வராது. ரேஸ் டயர் போட்டும் வழுக்குகிறதே என்று கீழே விழுந்து எழுந்து கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். டயர் நல்ல டயர்தான், ஆனால் குளிர்ந்து கிடந்தது.

அகலமான டயர் போட்டால் பிடிமானம் கூடும் என்பது நம் ஊரில் பரவலாக இருக்கும் நம்பிக்கை. ஆர்15-இல் 140-ஐக் கழற்றிவிட்டு 150 போடுவார்கள். ரிம்மின் அகலம் மாறாததால் பெரிய டயரின் ஓரங்கள் உள்ளே இழுபட்டு, வளைவு வடிவமே கெட்டுப்போகும். வண்டி சாய மறுக்கும், எடையும் கூடும். கம்பெனி சொன்ன அளவிலேயே நல்ல டயராகப் போடுங்கள்.

புது டயர் மாட்டியதும் நேராக ட்ராக்குக்குப் போகாதீர்கள். மேல்பரப்பு வழவழவென்று இருக்கும். 100, 150 கிலோமீட்டர் ரோட்டில் நிதானமாக ஓட்டி, இரண்டு பக்கமும் மெல்ல மெல்லச் சாய்த்து அந்த வழவழப்பு போன பிறகு போங்கள். அப்புறம், ட்ராக் டேக்கு முந்தின நாள் வாட்டர் வாஷ் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கழுவி முடித்ததும் டயருக்குக் கருகருவென்று பாலிஷ் அடித்துத் தருவார்கள் இல்லையா, அது வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பளபளப்பு எண்ணெய் மாதிரித்தான். ஓரத்தில் கொஞ்சம் வழிந்திருந்தாலும் முதல் வளைவிலேயே காட்டிக் கொடுத்துவிடும்.

காற்று

நல்ல கேஜ் ஒன்று சொந்தமாக வாங்குங்கள். பங்க்குக்குப் பங்க் அளவு மாறும். ஒரே கேஜில் எப்போதும் பார்த்தால், அது ஒரு பி.எஸ்.ஐ. தப்பாகக் காட்டினாலும் ஒரே மாதிரி தப்பாகக் காட்டும். ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

காற்றைக் குறைப்பது எதற்கு? உள்ளே இருக்கும் காற்று சூடாகும்போது அழுத்தம் கூடும். ரோட்டில் 29 வைத்தால் 31, 32 வரை போகும். ட்ராக்கில் தொடர்ந்து பிரேக், சாய்வு, ஆக்ஸிலேட்டர் என்று டயர் வேலை செய்துகொண்டே இருப்பதால் 3 முதல் 5 பி.எஸ்.ஐ. வரை ஏறிவிடும். அழுத்தம் அளவுக்கு மேல் போனால் டயர் பந்து மாதிரி விறைத்துக்கொள்ளும், தரையைத் தொடும் பரப்பு குறையும். அந்தப் பரப்பே உள்ளங்கை அளவுதான். அதிலும் குறைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

செய்முறை இதுதான். காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, வண்டி கம்பெனி சொன்ன அளவிலிருந்து 1 முதல் 2 வரை குறைத்து ஆரம்பியுங்கள். டயர் கம்பெனி ட்ராக்குக்கென்று தனி அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். முதல் செஷன் (ஒரு தடவை ட்ராக்கில் இறங்கி ஓட்டும் நேரம்) முடிந்து பிட்டுக்குள் வந்து நிறுத்திய உடனே, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னால், அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 28-இல் ஆரம்பித்து 32-க்கு வந்திருந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். 36, 37 என்று எகிறியிருந்தால், ஆரம்ப அளவு மிகக் குறைவாக இருந்து டயர் நெளிந்து நெளிந்து சூடாகியிருக்கலாம். இன்னும் இறக்கத் தோன்றும், ஆனால் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். ஒரு பி.எஸ்.ஐ. கூட ஏறவில்லை என்றால் காற்று கூடுதலாக இருக்கிறது அல்லது இன்னும் டயருக்கு வேலை கொடுக்கும் வேகத்தில் ஓட்டவில்லை. இரண்டாவது காரணம் என்றால் கவலையே வேண்டாம், முதல் நாளில் அப்படித்தான் இருக்கும்.

மே மாத மத்தியான வெயிலில் இருங்காட்டுக்கோட்டைத் தார் கையை வைக்க முடியாமல் கொதிக்கும். காலை எட்டு மணிக்கு வைத்த அளவு பன்னிரண்டு மணிக்குப் பொருந்தாது. ஒவ்வொரு செஷனுக்கும் அளந்தால்தான் இது பிடிபடும்.

இன்னொன்று: ட்ராக் கடிகாரச் சுற்றில் போவதால் வலப்பக்க வளைவுகள் அதிகம். டயரின் வலது ஓரம் நன்றாகச் சூடேறியிருக்கும்போது இடது ஓரம் பின்தங்கியே இருக்கும். முதல் இரண்டு சுற்றுகளில் இடப்பக்கம் சாயும்போது கூடுதல் பொறுமை வேண்டும். வலப்பக்கம் பிடித்த நம்பிக்கையில் இடப்பக்கம் சாய்த்து வழுக்கி விழுவது அடிக்கடி நடக்கிறது.

வண்டி, உடை, காகிதம்

இதில் அதிகம் சொல்ல எதுவும் இல்லை, செய்துவிட வேண்டியதுதான். பிரேக் பேடும் ஆயிலும் செயினும் முந்தின வாரமே பார்த்துவிடுங்கள். கண்ணாடி இரண்டையும் கழற்றுங்கள், ஹெட்லைட்டுக்கும் இண்டிகேட்டருக்கும் டேப் ஒட்டுங்கள், சைடு ஸ்டாண்டை கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தால் அணைக்க வேண்டாம்.

முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட், தோல் சூட், முதுகுக் கவசம், மணிக்கட்டைத் தாண்டி வரும் கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ் ஆகியவை கட்டாயம். சூட் விலை அதிகம்தான். வாடகைக்குக் கிடைக்குமா என்று நடத்துபவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். அளவு கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும். தொளதொளவென்று இருந்தால் விழும்போது கவசம் இடம் மாறிவிடும்.

இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து ஒரு தடவை வாசியுங்கள். ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பயன்படுத்தினால் பொருந்தாது என்று நம் நாட்டு வண்டி பாலிசிகளில் பொதுவாக எழுதியிருக்கும். ட்ராக்கில் வண்டிக்கு அடிபட்டால் செலவு நம்முடையது என்று நினைத்துக்கொண்டே போங்கள். அந்த நினைப்பு ஓட்டும் விதத்தையும் நல்லபடியாக மாற்றும்.

ஓட்டும் முறை: ஒரு செஷனுக்கு ஒரே பாடம்

ஒரு நாளைக்கு நாலைந்து செஷன் கிடைக்கும், ஒவ்வொன்றும் 15 முதல் 20 நிமிடம். எல்லாவற்றையும் ஒரே செஷனில் சரிசெய்ய முயன்றால் எதுவும் உடம்பில் ஏறாது. நான் பரிந்துரைக்கும் வரிசை: கண், கை, பிரேக், உடம்பு.

கண். மணிக்கு 100 கிலோமீட்டரில் போனால் ஒரு நொடிக்கு 28 மீட்டர் கடந்துவிடுகிறோம். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாமே திடீரென்று வருவது போலத் தெரியும், பயம் கூடும், கை இறுகும். ஒவ்வொரு வளைவுக்கும் நாலு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: பிரேக் பிடிக்கும் இடம், வண்டியைத் திருப்பும் இடம், உள் ஓரத்தை நெருங்கும் ஏபெக்ஸ், வெளியே வந்து முடிக்கும் இடம். தார் ஒட்டுப்போட்ட கறை, ஓரக் கல்லின் ஆரம்பம், தூரப் பலகை என்று நகராத எதுவும் அடையாளமாகலாம். நிழலை அடையாளம் வைக்காதீர்கள், மத்தியானம் அது அங்கே இருக்காது. பிரேக் இடத்தை அடையும் முன்பே கண் திருப்பும் இடத்துக்குப் போயிருக்க வேண்டும். திருப்பும் முன்பே ஏபெக்ஸுக்கு. ஏபெக்ஸைத் தொடும் முன்பே வெளியேறும் இடத்துக்கு. முதல் செஷன் முழுக்க, வேகத்தைப் பற்றி நினைக்காமல், இதை மட்டும் செய்யுங்கள். எதைப் பார்க்கிறோமோ வண்டி அங்கேதான் போகும். மண்ணைப் பார்த்தால் மண்ணுக்குப் போகும்.

ஏபெக்ஸைக் கொஞ்சம் தாமதமாக எடுக்கப் பழகுங்கள். புதியவர்கள் எல்லோரும் வளைவுக்குள் சீக்கிரம் திரும்பிவிடுகிறோம். அப்புறம் வெளியேறும் இடத்தில் ரோடு போதாமல் தவிக்கிறோம். தாமதமாகத் திருப்பினால் வெளியே வரும்போது எதிரில் அகலமான தார் தெரியும். அதைப் பார்த்ததும் கை தானாகவே தளரும்.

கை. இதுதான் எனக்கு மிகவும் நேரம் பிடித்த பாடம். வண்டியைத் திருப்ப, வலப்பக்கம் போக வேண்டுமானால் வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். வண்டி வலப்பக்கம் சாயும். இடப்பக்கத்துக்கு இடது. தெரிந்தோ தெரியாமலோ எல்லோரும் இதைத்தான் செய்கிறோம், ட்ராக்கில் தெரிந்தே செய்ய வேண்டும். ஒரே தள்ளு, தேவையான அளவுக்கு. வண்டி சாய்ந்து நின்றதும் கையின் வேலை முடிந்தது, தளர்த்திவிட வேண்டும். வளைவின் நடுவிலும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால், முன் டயர் தரையின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப அசைய முடியாது. நம் பயம் நேராக டயருக்குப் போய்ச் சேரும். ஸ்ட்ரெயிட்டில் போகும்போது கோழி இறக்கை அடிப்பது போல இரண்டு முழங்கையையும் ஒரு தடவை அசைத்துப் பாருங்கள். அசைந்தால் சரி. அசையவில்லை என்றால் தொடையால் டேங்க்கை இறுக்கிப் பிடித்து, உடம்பின் பாரத்தைக் கையிலிருந்து எடுத்துவிடுங்கள். கை தளர்ந்திருந்தால்தான் டயர் சொல்வது கேட்கும். வழுக்கப் போகும் டயர் முன்கூட்டியே லேசாக நெளிந்து, கைப்பிடியை இலகுவாக்கிச் சொல்லும். இறுகிய கைக்கு அது எட்டாது.

ஆக்ஸிலேட்டரும் இதே செஷனில்தான். வண்டி சாய்ந்து, போகும் பாதை தெரிந்ததும், மெல்லத் திறக்க ஆரம்பியுங்கள். ஆரம்பித்தால் வளைவு முடியும் வரை சீராகத் திறந்துகொண்டே போங்கள். திறந்து, மூடி, மறுபடி திறந்தால் எடை முன்னும் பின்னும் ஊசலாடும். பாதி வளைவில் பயந்து சட்டென்று மூடினால் எடை முழுக்க, ஏற்கெனவே சாய்ந்திருக்கும் முன் டயரில் போய் விழும். இருங்காட்டுக்கோட்டையின் முதல் வளைவு, சி1 என்பார்கள், வேகமான வலப்பக்க வளைவு. அங்கே ஆக்ஸிலேட்டரை மூடாமல் சீராகப் பிடித்துப் போகப் பழகியவருக்கு மற்ற வளைவுகள் சுலபமாகத் தெரியும். அவசரப்படாமல், ஒரு கியர் கூடுதலாக வைத்துக்கொண்டு, குறைந்த வேகத்தில் அங்கே ஆரம்பியுங்கள்.

பிரேக். முன் பிரேக்தான் முக்கியம். எலுமிச்சம்பழம் பிழிவது போலப் பிழிய வேண்டும்: முதலில் லேசாக, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்கி எடை முன் டயருக்கு வந்து சேரும் வரை, அதன் பிறகு பலமாக. எடை வந்து சேர்ந்த டயர் தரையில் பரந்து அமர்ந்திருக்கும், பலமான பிரேக்கையும் வாங்கிக்கொள்ளும். எடை வருவதற்கு முன்பே வெடுக்கென்று இழுத்தால் லேசான டயர் பூட்டிக்கொள்ளும். விடுவதும் அப்படியே, மெல்ல. இந்த நாளில் பிரேக் வேலையெல்லாம் வண்டி நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். பிரேக்கைக் கொஞ்சம் பிடித்தபடியே வளைவுக்குள் நுழைவதைப் பெரிய ஓட்டுநர்கள் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். டயரிடம் இருக்கும் பிடிமானம் ஒரு குடம் தண்ணீர் மாதிரி. பிரேக்குக்கு எவ்வளவு ஊற்றுகிறோமோ அவ்வளவு சாய்வுக்குக் குறையும். அந்தப் பங்கீட்டை விரல் நுனியில் உணரும் வரை நேராக நின்றே பிரேக் பிடியுங்கள். இன்னும் பத்து மீட்டர் தள்ளிப் பிடிக்கலாமா என்ற ஆசை வரும். அதை விட, பத்து மீட்டர் முன்னாலேயே பிடித்து, வளைவுக்குள் நிதானமாக நுழைந்து, சீக்கிரம் ஆக்ஸிலேட்டர் திறந்தவர் அடுத்த ஸ்ட்ரெயிட்டில் முன்னால் போய்விடுவார்.

உடம்பு. கடைசியாகத்தான் இது. பாதத்தின் முன்பகுதி ஃபுட்ரெஸ்ட்டில், வளைவுக்கு வெளிப்பக்கத் தொடை டேங்க்கில் அழுந்தியிருக்க, பாதிப் பிட்டம் சீட்டிலிருந்து உள்பக்கம் நகர்ந்து, தலை கண்ணாடி இருந்த இடத்தை நோக்கி. இடம் மாறுவது பிரேக் பிடிப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், சாயும்போது மாறினால் வண்டி ஆடும். உடம்பு உள்ளே போனால், அதே வேகத்துக்கு வண்டி கொஞ்சம் குறைவாகச் சாய்ந்தால் போதும். பயன் அதுதான்.

சாய்வைப் பற்றி ஒரு கணக்கு. 50 மீட்டர் ஆரம் உள்ள வளைவில் 30 டிகிரி சாய்வுக்குச் சுமார் 60 கிலோமீட்டர் வேகம் வரும். 45 டிகிரிக்கு 80. முட்டி உரசும் அந்த 45 டிகிரி வரை போகாமலேயே கற்றுக்கொள்ள வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. டயரின் ஓரத்தில் தேயாமல் மிச்சமிருக்கும் பட்டையைப் பார்த்து யாராவது ஏதாவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தப் பட்டை மிச்சம் என்றால் உங்களிடம் பிடிமானம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

கொடிகள்

காலையில் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் சொல்வார்கள், தூங்கி வழியாமல் கேளுங்கள். மஞ்சள்: முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு: செஷன் நிறுத்தம், சட்டென்று பிரேக் பிடிக்காமல் கையைத் தூக்கிக் காட்டி, வேகம் குறைத்து, பிட்டுக்குத் திரும்ப வேண்டும். மஞ்சளும் சிவப்பும் கோடு கோடாக இருந்தால் தரை வழுக்குகிறது. நீலம்: பின்னால் வேகமானவர் வருகிறார். அவருக்காக ஒதுங்கிப் பாதையை மாற்றாதீர்கள், உங்கள் பாதையில் அப்படியே போங்கள், முந்திக்கொள்வது அவர் பொறுப்பு. கருப்பு உங்களுக்குக் காட்டப்பட்டால் பிட்டுக்கு வர வேண்டும். கட்டம் போட்டது: செஷன் முடிந்தது, ஒரு சுற்று நிதானமாக ஓட்டி வண்டியை ஆறவிட்டு உள்ளே வாருங்கள்.

செஷனுக்கு நடுவில்

தோல் சூட்டுக்குள் நம் ஊர் வெயிலில் இருபது நிமிடம் ஓட்டினால் சட்டை பிழியப் பிழிய வேர்க்கும். தாகம் எடுப்பதற்கு முன்பே குடியுங்கள்: நீர்மோர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல். மத்தியானம் பிரியாணி வேண்டாம், தயிர் சாதம் போதும். நிழலில் சூட்டை இடுப்பு வரை இறக்கிவிட்டு உட்காருங்கள். கடைசி செஷனில்தான் நிறைய பேர் விழுகிறார்கள். டயருக்கு முன்னால் மனிதர் களைத்துவிடுகிறார். ஒரே வளைவில் இரண்டு தடவை அடையாளத்தைத் தவறவிட்டால், கையைத் தூக்கிவிட்டுப் பிட்டுக்குள் வந்துவிடுங்கள். மிச்சமிருக்கும் பத்து நிமிடத்துக்காக வருத்தப்பட வேண்டாம்.

இந்த இடைவெளியில் டயரையும் பாருங்கள். மேல்பரப்பு மெல்லிய மணல்தாள் மாதிரி, சிறு சிறு சுருளோடு ஒரே சீராக இருந்தால் நன்றாக வேலை செய்கிறது. ஒரு பக்கம் மட்டும் ரப்பர் பிய்ந்து, விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றால் காற்றையோ சஸ்பென்ஷனையோ பார்க்க வேண்டும்; பயிற்சியாளரையோ பக்கத்துப் பிட் மெக்கானிக்கையோ கூப்பிட்டுக் காட்டுங்கள். அங்கே கேட்டால் சொல்லித்தராதவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரு சிறு நோட்டில் எழுதி வையுங்கள்: நேரம், குளிர்ந்த அளவு, சூடான அளவு, வண்டி எப்படி இருந்தது. என் நோட்டின் முதல் பக்கத்தில் "28/28 – 32/31 – வலது நல்லா இருக்கு, இடது பயம்" என்று இருக்கிறது.

சாயங்காலம் கிளம்புவதற்கு முன், கண்ணாடியை மாட்டி, டேப்பை உரித்து, சைடு ஸ்டாண்டை அவிழ்த்து, டயர் நன்றாக ஆறிய பிறகு காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். ட்ராக் கேட்டைத் தாண்டி பெங்களூர் ஹைவேயில் ஏறும்போது 80 என்பது நடப்பது போலத் தெரியும், காது இன்னும் இரைந்துகொண்டிருக்கும். எதிர்த்திசையில் பைக் வரும், மாடு குறுக்கே வரும், லாரி சிக்னல் இல்லாமல் திரும்பும். பக்கத்திலேயே ஒரு டீக்கடையில் நிறுத்தி, பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, ஒரு டீயைக் குடித்துவிட்டு அப்புறம் கிளம்புங்கள்.